குறட்டை நிற்கும் அந்த நேரம்

எங்கள் குடும்பத்தில் ஒரு பகிடி இருந்தது. கல்யாணத்துக்கோ கந்தூரிக்கோ எல்லோரும் ஒரே வீட்டில் தங்க நேர்ந்தால், மூத்தாப்பா எந்த அறையில் படுக்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் மற்றவர்கள் பாய் விரிப்பார்கள். அவருடைய குறட்டை அப்படி. சின்னப் பிள்ளைகளான நாங்கள் விழித்துக் கிடந்து எண்ணுவோம். எண்ணுவது குறட்டையை அல்ல, அது நின்றுபோகும் நேரத்தை. சத்தம் ஏறி ஏறி வந்து திடீரென்று அறுந்துவிடும். ஒண்டு, ரெண்டு, மூணு என்று தொடங்கி முப்பது வரைக்கும் எண்ணியிருக்கிறோம். பிறகு ஒரு செருமல், ஒரு கால் உதறல், மறுபடியும் பழைய சத்தம். ஆகக் கூடுதலாக எண்ணியவருக்கு மறுநாள் ஒரு தொதல் துண்டு.

பெரியவர்களும் சிரிப்பார்கள். "நல்லா அசந்து தூங்குறாரு, பாவம், நாள் முழுக்க கடையில நிண்ட களைப்பு" என்பார்கள். குறட்டை என்றால் ஆழ்ந்த உறக்கம் என்பதுதானே நம்மவர்களின் கணக்கு.

அறுபத்திரண்டாவது வயதில் ஒரு நாள், சுபஹுக்கு எழும்பியவருக்கு வலது கையைத் தூக்க ஏலாமல் போனது. வாய் கோணியது. பேச்சு குழறியது. பாரிசவாதம். ஆஸ்பத்திரியில் ஈ.சீ.ஜீ. எடுத்தபோது இருதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் தாறுமாறாக ஓடுவது தெரிந்தது. பல வருடங்களாகப் பிரஷருக்குக் கிளினிக் போய் வந்தவர் அவர். மூன்று விதமான குளிசை போட்டும் பிரஷர் இறங்காதவர். அத்தனை வருடத்தில் ஒருவராவது அவருடைய உறக்கத்தைப் பற்றிக் கேட்கவில்லை. கடைசியில் ஒரு இளம் வைத்தியர் மூத்தம்மாவைப் பார்த்துக் கேட்டார்: "இவர் குறட்டை விடுவாரா?"

மூத்தம்மா சொன்ன பதில் எனக்கு இன்னும் அப்படியே காதில் இருக்கிறது. "குறட்டை விடுறதுல எனக்குப் பயமில்ல டொக்டர். அது நிக்கிறதுதான் பயம். முப்பது வருசமா நான் அவர்ட தோள்ல தட்டித் தட்டித்தான் படுக்கிற."

மருத்துவ நூல்கள் பல பக்கங்களில் சொல்வதை அவ ரெண்டு வரியில் சொல்லிவிட்டா. இந்தக் கட்டுரை அந்த ரெண்டு வரிக்கான விளக்கம்தான்.

தொண்டையில் நடப்பது என்ன?

மூக்குக்கும் குரல்வளைக்கும் இடையில் உள்ள தொண்டைப் பகுதிக்கு எலும்புச் சட்டம் கிடையாது. அது தசையாலான ஒரு மென்மையான குழாய். விழித்திருக்கும்போது அந்தத் தசைகள் விறைப்பாக நின்று வழியைத் திறந்து வைத்திருக்கும். உறங்கும்போது உடலின் மற்றத் தசைகளைப் போல அவையும் தளர்ந்துவிடும். நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரியும். வழி ஒடுங்கினால் காற்று உராய்ந்து செல்ல, அண்ணத்தின் மென்பகுதி அதிரும். அதுதான் குறட்டை. வழி முற்றாக மூடிக்கொண்டால் சத்தமும் இல்லை, காற்றும் இல்லை. நெஞ்சும் வயிறும் மூச்சிழுக்கப் போராடிக்கொண்டே இருக்கும், ஆனால் உள்ளே ஒன்றும் போகாது.

இப்படிப் பத்து விநாடிகளுக்குக் குறையாமல் காற்றோட்டம் நின்றால் அதை ஒரு மூச்சுத்தடை என்று கணக்கெடுக்கிறார்கள். முழுத்தடையையும், காற்று பெருமளவு குறையும் அரைத்தடையையும் சேர்த்து ஒரு மணித்தியாலத்துக்கு எத்தனை என்று பார்ப்பார்கள். ஐந்துக்குக் கீழே என்றால் வழமையானது. ஐந்து முதல் பதினைந்து வரை இலேசானது, முப்பது வரை நடுத்தரம், முப்பதுக்கு மேல் கடுமையானது. மூத்தாப்பாவுக்கு ஐம்பத்து நான்கு வந்தது. அதாவது உறங்கிய ஒவ்வொரு மணித்தியாலத்திலும் ஐம்பத்து நான்கு தடவை அவருடைய கழுத்தை யாரோ இறுக்கிப் பிடித்து விட்டதற்குச் சமம். மனிதருக்கு மட்டும் ஒன்றும் நினைவில்லை. "நான் நல்லாத்தானே தூங்கின" என்றார்.

நினைவில்லாததற்குக் காரணம் உண்டு. ஒக்சிசன் இறங்கி, கரியமிலவாயு ஏறும்போது மூளை ஒரு கணம் விழிக்கிறது. தொண்டைத் தசை விறைக்கிறது, வழி திறக்கிறது, செருமலோடு மூச்சு வருகிறது. அந்த விழிப்பு சில விநாடிகள்தான். மனதில் பதியாது. ஆனால் உடல் கணக்கு வைத்திருக்கும். காலையில் தலைப்பாரம், வரண்ட வாய், பகலில் ஜும்ஆ பயான் கேட்கும்போதும் பஸ்ஸில் குந்தியிருக்கும்போதும் தானாகச் சொக்கிப்போகும் கண்.

உடல் பருமன் இதற்குப் பெரிய காரணம் என்பது உண்மை. கழுத்தைச் சுற்றியும் நாக்குக்குள்ளும் சேரும் கொழுப்பு வழியை ஒடுக்கும். ஆனால் பருமனான ஆட்களுக்கு மட்டுமே வரும் வருத்தம் என்று நினைத்துவிடக் கூடாது. தாடை சிறுத்துப் பின்தள்ளி இருப்பவர்கள், உள்நாக்குப் பக்கத்துச் சதை பெருத்தவர்கள், மூக்கடைப்புக்காரர்கள் மெலிந்திருந்தாலும் இதில் மாட்டுவார்கள். ஆசிய மக்களிடையே, மேற்கு நாட்டவரைவிடக் குறைந்த எடையிலேயே இது தோன்றுகிறது என்பது பல ஆய்வுகளில் தெரிந்த விடயம். பெண்களைப் பொறுத்தவரை மாதவிடாய் நின்ற பிறகு ஆபத்துக் கூடுகிறது. ஆனால் அவர்கள் வந்து சொல்வது குறட்டை அல்ல. களைப்பு, நித்திரை வராமை, தலையிடி என்றுதான் சொல்வார்கள். ஒரு பெண் தான் குறட்டை விடுவதாக வெளியே சொல்வதற்கு நம் சமூகத்தில் எவ்வளவு வெட்கப்படுவாள் என்பதையும் இதோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள். ஆகவே அவர்களுடைய நோய் இன்னும் சொணங்கித்தான் வெளியே வருகிறது.

இருதயத்தின் தாளம்

இனி இருதயத்துக்கு வருவோம். மேலே இரண்டு சோணையறைகள், கீழே இரண்டு இதயவறைகள். வலது சோணையறையின் மேற்பகுதியில் இருக்கும் ஒரு சிறு கணுவிலிருந்து மின்துடிப்புப் பிறக்கிறது. அது சோணையறைகளில் பரவி, நடுவில் உள்ள ஒரு கடவையில் ஒரு நொடி தாமதித்து, கீழே இறங்குகிறது. ஒரு நொடி என்று பேச்சுக்குச் சொல்கிறேன், உண்மையில் அது விநாடியின் பத்தில் ஒரு பங்களவுதான். மேலறைகள் முதலில் சுருங்கி, கீழறைகள் அடுத்துச் சுருங்கும். இதுதான் தாளம்.

சோணையறைகளில் அந்த ஒற்றைக் கட்டளைக்குப் பதிலாக பல மின்சுழிகள் ஒரே நேரத்தில் ஓடினால், அறை சுருங்காது, வெறுமனே நடுங்கும். அதைத்தான் ஏட்ரியல் ஃபிப்ரிலேசன் என்கிறார்கள். இங்கே சோணையறை நடுக்கம் என்று சொல்லலாம். நாடி பிடித்துப் பார்த்தால் ஒன்றுக்கொன்று ஒட்டாத துடிப்புகள் வரும். சிலருக்கு நெஞ்சு படபடக்கும், சிலருக்கு மூச்சு வாங்கும். சிலருக்கோ ஒன்றுமே தெரியாது. நடுங்கும் அறையில் குருதி தேங்கும். இடது சோணையறையில் சின்னப் பையைப் போல ஒரு மூலை இருக்கிறது. தேங்கிய குருதி அங்கே கட்டியாகி, ஒரு நாள் கழன்று மூளைக்குப் போனால் பாரிசவாதம். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரவாசிகளைப் பல தசாப்தங்கள் பின்தொடர்ந்த ஆய்வு, இந்த நடுக்கம் உள்ளவர்களுக்குப் பாரிசவாதம் வரும் வாய்ப்பு ஐந்து மடங்கு என்று 1991இல் கணக்கிட்டது.

தொண்டை எங்கே, இருதயம் எங்கே? இந்த இரண்டுக்கும் என்ன தொடர்பு?

மூன்று அடிகள்

ஒரு சின்னச் சோதனை. மூக்கையும் வாயையும் இறுக மூடிக்கொண்டு மூச்சை உள்ளே இழுக்கப் பாருங்கள். (இருதய வருத்தக்காரர்கள் இதைச் செய்ய வேண்டாம்.) நெஞ்சுக்குள் ஏதோ உறிஞ்சி இழுப்பது போல் இருக்கும். மூடிய தொண்டைக்கு எதிராக மூச்சிழுக்கும்போது நெஞ்சறைக்குள் ஏற்படும் எதிரமுக்கம் அது. போத்தலின் வாயை அடைத்துக்கொண்டு உறிஞ்சினால் போத்தலின் சுவர் உள்ளே குழிவதைப் பார்த்திருப்பீர்கள். நெஞ்சறையில் நடப்பது அதற்கு மறுதலை. வெளிச்சுவர் உறுதியானது, ஆனால் உள்ளே இருக்கும் இருதயத்தின் மெல்லிய சுவர்கள் வெளிப்பக்கமாக இழுபடும். இதயவறையின் சுவர் தடித்தது, தாக்குப்பிடிக்கும். சோணையறையின் சுவரோ சில மில்லிமீற்றர்தான். இரவுக்கு இருநூறு முந்நூறு தடவை, வருடக்கணக்காக இழுபட்டால் அது விரியும். விரிந்த சுவரில் தழும்பு நார்கள் வளரும். மின்துடிப்பு நேராக ஓடுவதற்குப் பதில் அந்த நார்களைச் சுற்றிச் சுழலத் தொடங்கும்.

சுவாசப்பையிலிருந்து இருதயத்துக்கு வரும் நாளங்களின் வாயும் இதே இடத்தில்தான் இருக்கிறது. பிரான்சின் போர்தோ நகரத்து வைத்தியர் மிஷெல் ஹைசகேரும் அவருடைய குழுவினரும் 1998இல் காட்டியது இதைத்தான்: சோணையறை நடுக்கத்தைத் தொடக்கிவைக்கும் பொறிகளில் மிகப் பெரும்பாலானவை அந்த நாளங்களுக்குள்ளிருந்தே கிளம்புகின்றன. இழுபடும் இடமும் பொறி கிளம்பும் இடமும் அருகருகே இருப்பது சும்மா தற்செயலாக இல்லாமல் இருக்கலாம்.

இது முதல் அடி. இரண்டாவது, நரம்புகளின் இழுபறி. மூச்சு நின்றிருக்கும்போது வேகஸ் நரம்பு இருதயத்தைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். நீருக்குள் மூழ்கும் விலங்குகளுக்கு ஒக்சிசனைச் சேமித்துக் கொடுக்கும் பழைய பாதுகாப்பு ஏற்பாடு அது. துடிப்பு மெதுவாகும். சிலருக்குச் சில விநாடிகள் துடிப்பே விடுபடும். உடனே விழிப்பு வந்ததும் எதிர்ப்பக்கத்து நரம்புத் தொகுதி, அதாவது பயத்திலும் கோபத்திலும் வேலை செய்யும் பரிவு நரம்புகள், முழு வேகத்தில் பாயும். துடிப்பு எகிறும், குருதியமுக்கம் ஏறும். ஒரு வாகனத்தின் பிரேக்கையும் எக்சிலேட்டரையும் மாறி மாறி மிதித்துக்கொண்டே இரவு முழுக்க ஓட்டினால் எஞ்சினுக்கு என்ன ஆகும்? வேகஸ் நரம்பின் தூண்டல் இன்னொன்றும் செய்கிறது. சோணையறைத் தசை ஒரு துடிப்புக்குப் பின் ஓய்வெடுக்கும் நேரத்தைக் குறுக்கிவிடுகிறது. ஓய்வு குறுகினால் மின்சுழிகளுக்கு வழி இலகு. மூத்தாப்பாவின் பிரஷர் மூன்று குளிசைக்கும் அசையாததன் இரகசியமும் பெரும்பாலும் இங்கேதான் இருந்திருக்க வேண்டும். இரவு முழுக்கச் சுரந்த பரபரப்பு பகலிலும் அடங்குவதில்லை.

மூன்றாவது, ஒக்சிசன் இறங்கி ஏறுவது. ஒரே மட்டத்தில் குறைந்திருப்பதைவிட இப்படி விழுந்து எழும்புவது கூடக் கெடுதி. ஒவ்வொரு ஏற்றத்திலும் திசுக்களைத் தாக்கும் இரசாயனத் துகள்கள் பிறக்கின்றன. குருதிக்குழாய்களின் உட்சுவரில் அழற்சி வருகிறது. கொவிட் காலத்தில் விரலில் மாட்டும் ஒக்சிமீற்றரை எல்லோரும் பழகிவிட்டோம். தொண்ணூற்று நான்குக்குக் கீழே போனால் பதறியடித்து ஓடினோம். கடுமையான மூச்சுத்தடை உள்ள ஒருவருக்கு இரவில் அது எண்பதுக்குக் கீழே பலமுறை போய்வரும். பார்ப்பதற்கு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இடையில் ஒரு விடயம். இரவில் மூன்று நான்கு தடவை சிறுநீர் கழிக்க எழும்புவதை நம்மவர்கள் சீனி வருத்தம் என்றோ, வயது போன ஆண்கள் என்றால் புரஸ்டேட் என்றோ முடிவுகட்டிவிடுவார்கள். சோணையறைச் சுவர் இழுபடும்போது இருதயம் "குருதி கூடிவிட்டது" என்று ஏமாந்து ஒரு ஹோர்மோனைச் சுரக்கிறது. அது சிறுநீரகத்துக்குப் போய், உப்பையும் தண்ணீரையும் வெளியேற்றச் சொல்கிறது. ஆகவே அந்த எழும்பலும் தொண்டையின் வேலையாக இருக்கலாம். சீனியும் புரஸ்டேட்டும் சரியென்று வந்த பிறகும் எழும்புகிறவர்கள் இதை நினைக்க வேண்டும்.

கதைப் புத்தகத்திலிருந்து ஆய்வுகூடத்துக்கு

இந்த நோயாளியை வைத்தியர்களுக்கு முந்திக் கண்டவர் சார்ல்ஸ் டிக்கன்ஸ். 1836இல் தொடராக வெளிவரத் தொடங்கிய 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் ஜோ என்றொரு பருத்த பையன் வருகிறான். நின்றபடியே தூங்கிவிடுவான், குறட்டையும் விடுவான். நூற்றிருபது வருடம் கழித்து, 1956இல், அமெரிக்க வைத்தியர்கள் சிலர் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். அவர் ஒரு வியாபாரி. சீட்டாட்டத்தில் கையில் அருமையான சீட்டுகள் விழுந்திருந்தும், ஆடாமல் அப்படியே தூங்கிப்போய்விட்டார். அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்கே வந்தார். (அந்த ஆட்டம் ஹராம் என்பது வேற கதை.) டிக்கன்ஸை நினைத்து அதற்குப் 'பிக்விக்' நோய் என்றே பெயரிட்டார்கள். ஆனால் உறக்கத்தில் தொண்டை மூடிக்கொள்வதை அவர்கள் கண்டுகொள்ளவில்லை. 1965இல் பிரான்சிலும் ஜேர்மனியிலும் தனித்தனியாக ஆய்வாளர்கள் நோயாளிகளின் உறக்கத்தைப் பதிவுசெய்தபோதுதான் தொண்டை மூடிக்கொள்வது வெளிப்பட்டது.

இருதயத்தோடு இதைச் சேர்த்துக் கட்டியவர்களில் முக்கியமானவர் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் வேலை செய்த கிறிஸ்டியன் கில்மினோ. அவரும் சக ஆய்வாளர்களும் 400 மூச்சுத்தடை நோயாளிகளுக்கு இரவு முழுவதும் இருதயப் பதிவு எடுத்து, 1983இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறத்தாழப் பாதிப்பேருக்கு, 48 வீதமானோருக்கு, ஏதோவொரு தாளக்கோளாறு இருந்தது. அந்தக் காலத்தில் கடும் நோய்க்கு ஒரே வழி கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாயில் நேராகக் குழாய் வைப்பதுதான். அப்படிச் செய்தவர்களிடம் பாரதூரமான தாளக்கோளாறுகள் மறைந்துபோயின. என்னைப் பொறுத்தவரை இந்த முழுக்கதையிலும் ஆகப் பலமான சாட்சி இதுதான். இருதயத்தில் கைவைக்கவில்லை. தொண்டையைத் தாண்டிக் காற்றுக்கு ஒரு வழி திறந்தார்கள், இருதயம் தானாக அடங்கியது.

ஆனால் எத்தனை பேர் கழுத்தில் ஓட்டையோடு வாழச் சம்மதிப்பார்கள்? 1980இல் சிட்னி நகரில் ஒரு நோயாளி முடியாது என்று மறுத்துவிட்டார். வைத்தியர் கொலின் சலிவன், நாய்கள் உறக்கத்தில் மூச்சுவிடும் விதத்தை ஆராய்ந்து பழகியவர். மூக்கு வழியாக மெல்லிய அமுக்கத்தில் தொடர்ச்சியாகக் காற்றைச் செலுத்தினால் தொண்டை விரிந்தே நிற்கும் என்று யோசித்து, தூசு உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டரை வைத்து ஒரு கருவி செய்தார். காற்றாலேயே ஒரு முட்டுக்கால். 1981இல் ஐந்து நோயாளிகளின் விபரம் 'லான்செட்' சஞ்சிகையில் வந்தது. இன்று சீபெப் என்று சொல்லும் கருவியின் மூதாதை அதுதான்.

எண்களும் சந்தேகங்களும்

அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளில் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். மாயோ கிளினிக்கில் 2004இல் வெளியான ஆய்வில், சோணையறை நடுக்கம் உள்ளவர்களில் 49 வீதமானோருக்கு மூச்சுத்தடை இருக்கும் சாத்தியம் தெரிந்தது. நடுக்கம் இல்லாத மற்ற இருதய நோயாளிகளில் அது 32 வீதம். கடுமையான மூச்சுத்தடை உள்ளவர்களுக்கு இரவில் இந்த நடுக்கம் காணப்படும் வாய்ப்பு நான்கு மடங்கு என்று 2006இல் இன்னொரு பெரிய அமெரிக்க ஆய்வு காட்டியது.

மாயோ ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்டது இன்னும் யோசிக்க வைக்கும். மின்னதிர்ச்சி கொடுத்துத் தாளத்தைச் சரிசெய்த நோயாளிகளை ஒரு வருடம் பின்தொடர்ந்தார்கள். மூச்சுத்தடைக்குச் சிகிச்சை எடுக்காதவர்களில் 82 வீதமானோருக்கு நடுக்கம் திரும்பி வந்தது. சீபெப் பாவித்தவர்களில் 42 வீதம். சிறிய ஆய்வுதான், ஆனால் இருதய வைத்தியர்களின் பார்வையை அது திருப்பியது.

மரணம் வரும் நேரத்திலும் ஒரு வித்தியாசம் உண்டு. திடீர் இருதய மரணங்கள் பொதுவாகக் காலை ஆறு மணிக்குப் பிறகு, பகலின் முற்பகுதியில்தான் கூடுதல். மூச்சுத்தடை உள்ளவர்களில் அது தலைகீழாகிறது. திடீரென்று இறந்தவர்களில் 46 வீதமானோர் நள்ளிரவுக்கும் காலை ஆறுக்கும் இடையில் இறந்திருந்தார்கள். மூச்சுத்தடை இல்லாதவர்களில் 21 வீதம். 2005இல் வந்த கணக்கு இது. "ராத்திரி நல்லாப் பேசிக்கொண்டிருந்துதான் படுத்தார், சுபஹுக்கு எழுப்பப் போனா மௌத்து" என்று நாம் கேட்கும் கதைகள் எல்லாம் இதனால்தான் என்று சொல்லிவிட ஏலாது. சில இதனால் இருக்கக்கூடும் என்பதையும் மறுக்க ஏலாது.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. 2016இல் 'சேவ்' என்ற பெரிய பரிசோதனையின் முடிவு வந்தது. ஏற்கெனவே இருதயக் குழாய் நோயோ பாரிசவாதமோ வந்த 2717 பேரைச் சீட்டுக்குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்குச் சீபெப் கொடுத்தார்கள். மாரடைப்பும் பாரிசவாதமும் குறையவில்லை. நோர்வேயில், விட்டுவிட்டு நடுக்கம் வரும் நோயாளிகளை இதேபோல் பிரித்துப் பார்த்த ஆய்விலும், ஐந்து மாத முடிவில் கருவி பாவித்தவர்களுக்கும் பாவிக்காதவர்களுக்கும் நடுக்கத்தின் அளவில் வித்தியாசமில்லை என்று 2021இல் அறிவித்தார்கள்.

அப்படியென்றால் எல்லாம் வீண்தானா? நான் அப்படி நினைக்கவில்லை. 'சேவ்' பரிசோதனையில் கருவியைப் பாவித்த சராசரி நேரம் இரவுக்கு மூன்றே கால் மணித்தியாலம் அளவுதான். பாதி இரவு திறந்து பாதி இரவு மூடிய தொண்டையை வைத்து எதை அளப்பது? மேலும், பகலில் கடுமையாகத் தூங்கி வழிபவர்களை அதில் சேர்க்கவேயில்லை. இரண்டாவது, இருபது முப்பது வருடமாக விரிந்து தழும்பேறிய சோணையறை ஐந்து மாதத்தில் பழைய நிலைக்கு வரும் என்று எதிர்பார்ப்பதும் கூடுதல்தான். ஆனாலும் "சீபெப் போட்டால் இருதயம் சரியாகிவிடும்" என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்ப வேண்டாம். பகல் தூக்கமும் களைப்பும் குறையும், குருதியமுக்கம் ஓரளவு இறங்கும். அவை நிச்சயமான நன்மைகள். தாளத்தைப் பொறுத்தவரை கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது.

இன்னொரு வகை மூச்சுத்தடையும் உண்டு. அதில் குற்றவாளி தொண்டை அல்ல. மூச்சு விடும் கட்டளையை மூளையே சிறிது நேரம் நிறுத்திவிடும். மூச்சு ஏறி ஏறிப் பெரிதாகி, பிறகு இறங்கி, நின்று, மறுபடி தொடங்கும். டப்ளின் நகரத்து வைத்தியர்கள் ஜோன் செய்ன் 1818இலும் வில்லியம் ஸ்டோக்ஸ் 1854இலும் விவரித்தது இதைத்தான். இங்கே பெரும்பாலும் இருதயம் பலவீனப்பட்டதால் மூச்சு குழம்புகிறது. முன்னதில் மூச்சு இருதயத்தைக் கெடுக்கிறது, இதில் இருதயம் மூச்சைக் கெடுக்கிறது. இந்த வகைக்கென்று வந்த ஒரு விசேட காற்றுக் கருவி, இருதயத்தின் பம்பும் சக்தி குறைந்த நோயாளிகளில் மரணத்தைக் கூட்டியது என்று 2015இல் தெரியவந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் கொண்டுவந்த பழைய மெஷினை, எது எந்த வகை என்று பார்க்காமல் மாட்டிக்கொள்வது சரியல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

வீட்டில் செய்யக்கூடியது

குறட்டை விடும் எல்லோருக்கும் இந்த நோய் இருப்பதில்லை. ஆனால் சத்தமான குறட்டை, பகல் களைப்பு, உறக்கத்தில் மூச்சு நிற்பதைப் பிறர் கண்டது, உயர் குருதியமுக்கம், ஐம்பதைத் தாண்டிய வயது, நாற்பது சென்ரிமீற்றரைத் தாண்டிய கழுத்துச் சுற்றளவு, கூடிய உடற்பருமன், ஆணாக இருப்பது ஆகிய எட்டில் மூன்று பொருந்தினாலே வைத்தியரிடம் கதைக்க வேண்டும். உறுதிப்படுத்துவது இரவுப் பரிசோதனையில்தான். மூக்கருகே காற்றோட்டம், நெஞ்சசைவு, ஒக்சிசன், நாடி எல்லாவற்றையும் உறங்கும்போது பதிவு செய்வார்கள். இப்போது வீட்டிலேயே மாட்டிக்கொண்டு படுக்கக்கூடிய சிறிய கருவிகளும் வந்துவிட்டன.

எடை குறைப்பதைப் பற்றி நம்மவர்களுக்குச் சொல்வது கஷ்டமான வேலை. ஸஹனில் குந்தியவரிடம் போய் யார் சொல்வது? ஆனால் அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரில் சோணையறை நடுக்கமுள்ள பருமனானவர்களைப் பின்தொடர்ந்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், உடல் எடையில் பத்து வீதமோ அதற்கு மேலோ குறைத்தவர்கள் நடுக்கமில்லாமல் இருக்கும் வாய்ப்பு ஆறு மடங்காக இருந்தது. நூறு கிலோ மனிதர் பத்துக் கிலோ குறைப்பது. எந்தக் குளிசையும் அவ்வளவு சாதிப்பது அபூர்வம். எடை குறைக்கும் ஊசிமருந்தான டிர்செபடைட், பருமனோடு கூடிய மூச்சுத்தடைக்கும் கொடுக்கலாம் என்று 2024 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் அனுமதித்தது. விலையைக் கேட்டால் நமக்கு நெஞ்சு படபடக்கும் என்பது வேறு விடயம்.

மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் சரியும், ஆகவே பக்கவாட்டில் படுப்பது பலருக்கு உதவும். நித்திரைக் குளிசையை வைத்தியர் சொல்லாமல் போடக் கூடாது. அது தொண்டைத் தசையை இன்னும் தளர்த்திவிடலாம். குருதி கட்டியாவதைத் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள் சீபெப் போட்டதும் "இப்ப நல்லம்" என்று மருந்தை நிறுத்துவது பெரிய ஆபத்து. நோன்பு மாதத்தில் இந்த மருந்தை எந்த நேரத்தில் எடுப்பது என்பதை ஷஃபான் மாதத்திலேயே வைத்தியரிடம் கேட்டு ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டும். ஸஹருக்குப் பிறகும் பகலிலும் குட்டித்தூக்கம் போடுகிறவர்கள், அப்போதும் கருவியை மாட்டத்தான் வேண்டும். தொண்டைக்கு இரவு பகல் தெரியாது.

மூத்தாப்பா முதல் ஒரு மாதம் கருவியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார். "மௌத்தாகப் போறவன் மாதிரி மூஞ்சில மாட்டிக்கொண்டு படுக்கச் சொல்றீங்களா?" என்று கோபம் வேறு. மூக்குக்கு மட்டும் பொருந்தும் சின்ன முகமூடியாக மாற்றிக் கொடுத்த பிறகுதான் பழகினார். 2022இல் கரண்ட் கட் நாளுக்குப் பல மணித்தியாலம் நீண்ட நாட்களில், பேரன் ஒருத்தன் மோட்டர் சைக்கிள் கடையிலிருந்து பெட்டரி கொண்டுவந்து, தெரிந்த ஒருவரைக் கொண்டு கருவிக்குப் பொருத்திக் கொடுத்தான். நடுக்கம் முற்றாகப் போகவில்லை. குருதி கட்டியாகாமல் இருக்க இன்னும் குளிசை எடுக்கிறார். பிரஷர் குளிசை மூன்று இரண்டாகியிருக்கிறது. வலது கையால் பேனை பிடிக்கிறார், எழுத்து கொஞ்சம் கோணல்.

மூத்தம்மாவுக்குத்தான் புதுப் பிரச்சினை. சத்தம் இல்லாததால் நித்திரை வருவதில்லையாம். ராத்திரியில் எழும்பி, மெஷினில் காற்று வரும் சத்தம் கேட்கிறதா என்று காதை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் திரும்பப் படுக்கிறா.

கிளினிக்குக்குப் போகும்போது குறட்டை விடுகிறவர் தனியாகப் போகாமல், பக்கத்தில் படுக்கிறவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். போவதற்கு முந்திய இரவில், குறட்டை நிற்கும் அந்த நேரம் பதியும்படியாகப் போனில் ஐந்து நிமிடம் எடுத்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.